முதல் பீரியடில் வெளியே நின்றவர்கள்

ஆகஸ்ட் 2, புதன்

புழுக்கம். ஆடி மாதத்தில் காற்றே இல்லை. அம்மன் கோவில் ஸ்பீக்கர் மட்டும் விடியற்காலையிலிருந்து. படிக்க உட்கார்ந்தால் காதுக்குள் கூழ் ஊற்றுகிற மாதிரி இருக்கிறது.

இன்று:
– சர்வே பேப்பர் ஜெராக்ஸ் (கவிதா எடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். கையில் பார்த்தால்தான் நம்பலாம்.)
– அக்கவுண்டன்சி ஹோம்வொர்க்
– துப்பட்டா இஸ்திரி
– பேட்ஜ் பட்டை நைந்துவிட்டது, ஆபீஸில் புதுசு கேட்க வேண்டும். வேண்டாம், கேட்க வேண்டாம். அறுந்தால் அறுந்து தொலையட்டும்.

சர்வே ரோஸி மிஸ் கொடுத்த ப்ராஜெக்ட். "மாணவியர் அடையாள அட்டை அணியும் பழக்கம் – ஓர் ஆய்வு." கண்காட்சிக்கு ப்ளஸ் ஒன் காமர்ஸிலிருந்து கவிதாவும் நானும். மற்ற ஸ்கூல்களுக்கெல்லாம் ஏரி மாசு, மழைநீர் சேகரிப்பு. எங்களுக்கு மட்டும் பேட்ஜ். கவிதாவுக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் ஆமாம் என்றுதான் டிக் அடிப்பார்கள், கலர் கலராக ஒரு வட்டம் போட்டால் வேலை முடிந்தது என்கிறாள்.

கேள்விகள்:
ஒன்று: தினமும் பேட்ஜ் அணிகிறீர்களா?
இரண்டு: அணியாவிட்டால் காரணம்? அ) மறதி ஆ) தொலைந்துவிட்டது இ) பிடிக்கவில்லை
மூன்று: பேட்ஜ் அணிவதில் பெருமைப்படுகிறீர்களா?

மூன்றாவது எச்.எம். சேர்த்தது. அதற்கு யார் இல்லை என்று எழுதுவார்கள், அதுவும் மேலே பேர் எழுதிவிட்டு. பேர் எழுதச் சொன்னது கவிதா. இரண்டாவது கேள்வி நான் எழுதியது. நல்லா இருக்கிறது என்று மிஸ் சொன்னார். எனக்கு எதுவோ உறுத்தியது, பேசாமல் இருந்துவிட்டேன்.

சானடோரியம் பிளாட்பாரத்தில் க.ச. இன்றும். கட்டம் போட்ட சட்டை, அதனால் க.ச. அவன் பேர் எனக்குத் தெரியாது. என் பேர் அவனுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

சாயங்காலம் தூறல். மண் நனையக்கூட இல்லை.

முதல் பீரியடில் எல்லா கிளாஸ் லீடரிடமும் கட்டுக் கட்டாகக் கொடுத்தோம். மணி அடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. யாரும் யோசித்த மாதிரியே தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் ரோஸி மிஸ், "பரவாயில்லையே, சீக்கிரம் முடிச்சிட்டீங்களே." கவிதா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

இரண்டாவது பீரியடுக்கு மகேஸ்வரி உள்ளே வந்தாள். தலையில் வேப்பிலைக் காம்பு. அதைத் தட்டிக்கொண்டே என் பெஞ்சில் எட்டிப் பார்த்து, இன்னா பேப்பர் அது என்றாள். சர்வே, முடிந்துவிட்டது என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் கோவளம் பக்கத்திலிருந்து அம்மாவோடு விடியற்காலை பஸ். அம்மாவுக்கு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் கடை. கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்கூல். வாரத்தில் பாதி நாள் பேட்ஜ் இல்லாமல் வருவாள்.

காலையில் நடந்தது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

ஸ்டேஷன் படி இறங்கும்போது க.ச. தண்ணீர்க் குழாய் பக்கம். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள பேட்ஜைத் திருப்பிவிட்டேன், பேரும் போட்டோவும் உள்பக்கம். அவன் பின்னாலிருந்து, "இன்னா நித்யா, சிட்லபாக்கத்துல மழையா?" என்றான். சிட்லபாக்கம் என்று எப்படித் தெரியும்? ட்ரெயினில் லேடீஸ் பெட்டியில் ஏறி நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தேன். பேட்ஜின் பின்பக்கம் வெளியே தெரிகிறது. அப்பா பேர். வீட்டு விலாசம். போன் நம்பர். ரத்த வகைகூட.

நானே திருப்பிக் காட்டியிருக்கிறேன். என்ன புத்தி எனக்கு.

ஆகஸ்ட் 5, சனி

பெருங்களத்தூரில் கவிதா வீடு. அவளிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, எனக்குப் பொறுமை இருக்கிறது, இப்படித்தான் ஜோடி. நான் வாசிக்க அவள் கோடு போட. ஆமாம், ஆமாம், ஆமாம். சில பேப்பரில் இல்லை என்று டிக் அடித்து, அழித்து, ஆமாம். அபூர்வமாக வந்த இல்லைக்கெல்லாம் காரணம் மறதி. பிடிக்கவில்லை என்று ஒருத்தி மட்டும், ஆறாம் கிளாஸ், கூடவே ஒரு பூனை படம்.

கவிதா அம்மா போண்டா கொடுத்தார். இரண்டாவது கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வட்டம் கிட்டத்தட்ட முழுக்கப் பச்சை. கவிதா தள்ளி நின்று ரசித்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பச்சையில் நானும் ஒருத்தி. தினமும் அணிகிறேன், ஆமாம். பெருமைப்படுகிறேன், ஆமாம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மத்தியானத்திலிருந்து போன் அடிக்கிறதாம். அம்மா எடுத்தால் சத்தமே இல்லை. அப்பா எடுத்தால் வைத்துவிடுகிறான்.

"யாருக்கு நம்பர் குடுத்த?" என்றார்.

"யாருக்கும் குடுக்கலப்பா."

"குடுக்காம எப்படி வரும்?"

அவர் கிண்டியில் கம்பெனி அக்கவுண்ட்ஸ். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ என்ட்ரி தப்பு என்று அர்த்தம். இந்த வீட்டில் தப்பு என்ட்ரி நான்தான். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை, ஆனால் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்: ட்ரெயின் கட். ஸ்பெஷல் கிளாஸ் கட். போன வருஷம் அத்தை பொண்ணுக்கு ஒரு லெட்டர் வந்ததற்கு அவளைத் தபாலில் படி என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். லெட்டர் எழுதியவன் இன்றைக்கும் அதே தெருவில் பைக் ஓட்டுகிறான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

போன் நாலைந்து தடவை. அப்பா ஒயரைப் பிடுங்கி வைத்தார். சாயங்காலம் பெரியப்பா போன் பண்ணுவார் என்று திரும்ப மாட்டினார். மாட்டியதும் அடித்தது. பெரியப்பாதான். அப்பா அவர்மேல் எரிந்து விழுந்தார்.

குன்றத்தூர் போய் ஒரு அர்ச்சனை பண்ணிவிட்டு வரலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் பேருக்கு என்று கேட்கவில்லை. என் பேருக்குத்தான். ஏற்கெனவே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிற பேர்.

ஒன்றும் படிக்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறுவதும் இறங்குவதும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

எச்.எம்.முக்கு வட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. ப்ரேயரில் எங்கள் இரண்டு பேரையும் மேடைக்கு ஏற்றிக் கைதட்டச் சொன்னார். பிறகு இடி. பேட்ஜ் போடாதவர்களுக்கு ஒரே பிரச்சினை மறதி என்று நம் மாணவிகளே கண்டுபிடித்துவிட்டார்களாம். மறதிக்கு மருந்து, வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாட்டிக்கொள்வது, வீட்டுக்குள் போன பிறகே கழட்டுவது. நடுவில் கழட்டக் கூடாது. சுதந்திர தினம் முடிந்ததும் அமல். ஸ்டேஷன், பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் லீடர்கள் கவனிப்பார்கள்.

நான் மேடையில். என் காலுக்குக் கீழே பலகை ஆடியது, நிஜமாகவே ஆடும் பலகைதான் அது.

இதுவரை ரூல் கேட்டிலிருந்து ரோடு முனை வரைதான். முனை தாண்டி நானும் பல நாள் கழட்டிப் பையில் போட்டிருக்கிறேன். காலையில் மட்டும் அம்மா மாட்டி அனுப்புவாள், அதனால் சானடோரியத்தில் கழுத்தில் தொங்கும். இனிமேல் போகவும் வரவும், பிளாட்பாரத்தில் ஒரு லீடர் முன்னால் நான், எனக்கு முன்னால் அவன். இதற்கு ஆதாரம் நான் எழுதிய இரண்டாவது கேள்வி.

மத்தியானம் ரோஸி மிஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கம் எங்கே என்றார். எந்த ஆய்வாக இருந்தாலும் "ஆய்வின் குறைகள்" என்று ஒரு பக்கம் வேண்டுமாம், அது இல்லாவிட்டால் ஜட்ஜ் மார்க் குறைப்பாராம். கவிதா அக்காவின் காலேஜ் ப்ராஜெக்டைப் பார்த்து எழுதிவிட்டாள்: போதிய கால அவகாசம் இல்லை, அனைவரையும் சந்திக்க இயலவில்லை. எல்லா ப்ராஜெக்டிலும் இதே இரண்டு வரிதான் என்றாள்.

அனைவரையும் சந்திக்க இயலவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, மகேஸ்வரி தலையில் இருந்த வேப்பிலை. பேட்ஜ் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. ப்ரேயரும் முதல் பீரியடும் முடிகிற வரை கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும், இலை பொறுக்க வேண்டும். நாங்கள் பேப்பர் கொடுத்தது முதல் பீரியடில். பேட்ஜ் போடுகிறீர்களா என்று பேட்ஜ் போட்டவர்களை மட்டும் கேட்டிருக்கிறோம்.

சிரிப்பு வந்தது. கவிதாவிடம் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பைண்டிங்குக்குக் குடுத்தாச்சுடி," என்றாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் பேட்ஜை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். அம்மா கோவில் கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஸ்கூலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளியே. பி.டி. மிஸ் என்னைப் பார்த்து, நீயுமா என்றார். என் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொடுத்தார்.

மரத்தடியில் ஒரு கூட்டமே இருக்கிறது. உள்ளே இருந்தபோது இவ்வளவு பேர் என்று தெரியாது. மகேஸ்வரி அங்கே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு நிழல் பக்கம், பெரியவர்களுக்கு வெயில் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கிறாள்.

"இன்னா நித்யா, வழி மாறி வன்ட்டியா?"

பேட்ஜ் மறந்துவிட்டேன் என்றேன்.

"மறந்துட்டியா, மறந்த மாரி கீறியா?"

இலை பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே விவரம் சொன்னாள். பேட்ஜைக் கொண்டு வந்தால் சாயங்காலம் ரோடு முனை வரை கழட்ட முடியாது, அவள் பஸ் ஸ்டாப் அதற்குள்தான். கழட்டினால் டைரியில் சிவப்பு மையில் எழுதி அப்பாவைக் கூப்பிடுவார்கள். மறந்துவிட்டேன் என்றால் இலை பொறுக்குவதோடு சரி, வீட்டுக்கு எதுவும் போகாது. அதனால் எது சுலபமோ அது. எங்கள் பச்சை வட்டத்தின் ஓரத்தில் ஒரு கீற்று, மறதி. அது மறதியே கிடையாது. கணக்குப் போட்டு மறக்கிறார்கள்.

எதற்கு மறக்க வேண்டும் என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"பஸ்சுல பாதிப் பேரு என் பேரைப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டானுங்க. மார்க்கெட்டாண்ட வந்தா, இன்னா மகேசு, எந்த க்ளாஸு, எந்த செக்சனுன்றான். அம்மா கைல சொன்னா அருவாமனையத் தூக்கினு வந்துடும். அப்றம் யாரு கடையப் பாக்கறது? அதான் சொல்லல." சொல்லிவிட்டு ஒரு பெரிய இலையைக் கூடையில் போட்டாள், ஏதோ எடை போடுகிற மாதிரி.

மற்றவர்களும் மெல்ல வாயைத் திறந்தார்கள். பேர் எழுதப் போவதில்லை, இங்கேகூட. இடங்கள் மட்டும்:
– தாம்பரம் சப்வே, படி திரும்புகிற இடம்
– இரும்புலியூர் பஸ் ஸ்டாப்
– ஷேர் ஆட்டோ, முன் சீட்டு
– ட்யூஷன் தெரு டீக்கடை
– சொந்த அபார்ட்மெண்ட் லிஃப்ட்

ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், கண்ணாடி போட்டவள், தனியாக இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கப் போகிற நேரம் என் பக்கத்தில் வந்து, "பேர் சொல்லிக் கூப்ட்டா டக்குனு திரும்பிடறேங்க்கா. திரும்பினா சிரிக்கறாங்க. திரும்பக் கூடாதுன்னு நெனைச்சிக்கினேதான் நடப்பேன், ஆனாலும் திரும்பிடறேன்," என்றாள்.

நானும்தான் என்றேன். என் வாயிலிருந்து இது முதல் தடவை வருகிறது. கூடையை வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனேன். பயமா, கோபமா, தெரியவில்லை. பயம் குறைவு என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

நல்ல மழை ஒன்று கடைசியில். ஸ்பீக்கர் வாயை மூடியது.

பைண்டிங் கடையிலிருந்து ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கவிதா வீட்டுக்குப் போனேன், கடைசிப் பக்கத்தை நான் எழுதினேன். அப்படியே இங்கே:

"ஆய்வின் குறைகள். இந்த ஆய்வுத்தாள் முதல் பீரியடில் வகுப்பறைக்குள் மட்டும் கொடுக்கப்பட்டது. பேட்ஜ் அணியாதவர்கள் அப்போது வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். பேர் எழுதச் சொன்னதால் உள்ளே இருந்தவர்களும் உண்மையை எழுதியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காரணங்களில் மறதி, தொலைதல், பிடிக்காமை ஆகியவை மட்டும் கொடுக்கப்பட்டன. பயம் என்ற காரணம் கொடுக்கப்படவில்லை. ஸ்கூலுக்கு வெளியே பேட்ஜை யார் படிக்கிறார்கள் என்று கேட்கப்படவில்லை. ஆகையால் இந்த ஆய்வை வைத்து எந்த ரூலும் போடக் கூடாது."

கடைசி வரியை டைப் அடிக்க மாட்டேன் என்றாள் கவிதா. ப்ராஜெக்ட் ஊற்றிக்கொள்ளும், எச்.எம். நம் இரண்டு பேரையும் தொலைத்துவிடுவார், உனக்கு ஏன் இந்த வேலை என்று கத்தினாள். நானும் கத்தினேன். அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பயம்னா யாருக்குடி பயம்?"

"எனக்கு."

சொன்னேன், முழுக்க. குழாயடி, சிட்லபாக்கம், போன். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பா ஸ்கூட்டர்ல கேட் வரைக்கும் விடறாரு. எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். அழுகிற குரல். அப்புறம் டைப் அடிக்க ஆரம்பித்தாள். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டாள். அது வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

எச்.எம். ரூம். ஏர்கூலர், கல்யாண வீட்டுப் பன்னீர் வாசனை. ரோஸி மிஸ் ஓரமாக. கவிதா என் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு.

அவர் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. யார் யாருக்கு இந்த மாதிரி நடந்தது, பேர் லிஸ்ட் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முடியாது மேம் என்றேன். ரோஸி மிஸ் தொண்டையைச் செருமினார். நல்லதுக்குத்தானே கேட்கிறேன் என்றார் எச்.எம். இருக்கலாம். ஆனால் அவர்கள் பேர் எனக்குத் தெரியும் என்பதற்காக நான் எடுத்துக் கொடுத்துவிடலாமா? அதைச் சொல்லத் தெரியவில்லை. என் பேரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"உன்னை என்ன பண்ணான்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடறான் மேம். தினமும்."

"அப்புறம்?"

"வீட்டுக்கு போன் பண்றான். அவன்தான்னு நினைக்கறேன்."

"கையப் புடிச்சானா? தொட்டானா?"

"இல்ல மேம்."

"பேரைத்தானே சொன்னான்," என்றார். ரொம்பச் சாதாரணமாக. "எனக்கு ரோட்ல எத்தனையோ பேர் வணக்கம் சொல்றாங்க."

அவர் சொல்வது நியாயம் மாதிரியே இருந்தது ஒரு நிமிஷம். தினமும் காலையில் ஸ்டேஷன் படியில் நின்று நின்று இறங்குகிறேனே, அது எந்தக் கணக்கில்?

முடிவாக: நாளைக்கு அப்பாவோடு வர வேண்டும், அவர் எதிரில் இதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுப் பழைய இரண்டு வரியைப் போட வேண்டும். ரூல் எப்படியும் வரும். யோசித்துக்கொள் என்றார்.

வெளியே வந்ததும் கவிதா, எடுத்துடலாம்டி, உங்கப்பா உன்னை ஸ்கூலை விட்டே நிறுத்திடுவார் என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். மகேஸ்வரி மட்டும், அப்பா என்ன பண்ணுவார், அடிப்பாரா என்று கேட்டாள். அடிக்க மாட்டார், பேச மாட்டார் என்றேன். "பேஜார்தான் அது," என்றாள்.

சாயங்காலம்.

அப்பா காபி டம்ளரோடு. சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே. அம்மா வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். முடிக்கும்போது காபியில் ஆடை.

"அன்னைக்குக் கேட்டேனே, அப்ப ஏன் சொல்லல?"

"யாருக்குக் குடுத்தன்னுதான் கேட்டீங்க. அவன்கிட்ட எப்படிப் போச்சுன்னு கேக்கலப்பா."

அப்பா பேட்ஜை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவர் கையெழுத்தில் கொடுத்த ஃபாரத்திலிருந்து வந்ததுதான் எல்லாம், தொலைந்தால் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று போன் நம்பரை அவர்தான் சேர்க்கச் சொன்னார். மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி வைத்தார். பிறகு அலமாரிக்குள்.

நாளைக்கு லீவு சொல்லிடறேன் என்றார் அம்மாவிடம். எனக்கா, அவருக்கா? தெரியாமலேயே சாப்பிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எச்.எம். ரூம் வாசல் பெஞ்சு. ரஃப் நோட்டில் எழுதுகிறேன், பிறகு ஒட்டிக்கொள்ளலாம். அப்பா உள்ளே. என்னைப் பிறகு கூப்பிடுவார்களாம்.

லீவு அவருக்குத்தான். காலையில் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. பேட்ஜை அலமாரியிலிருந்து எடுத்து அவரே என்னிடம் கொடுத்தார், எப்பவும் போல மாட்டிக்கோ என்றார். ஸ்டேஷன் படிக்கட்டில், "எவன்னு காட்டு. நீ வேற எதுவும் பேசாத. நான் பேசிக்கறேன்." வாய்க்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். போலீஸ் என்று ஒரு வார்த்தை கேட்டது.

க.ச. குழாயடியில். இன்று வேறு சட்டை, ஆனால் அவன்தான். காட்டினேன். அப்பா நேராகப் போனார். நான் பின்னால். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் கையைத் தூக்கினான்.

"வணக்கம் சண்முகம் சார். பொண்ண வுட வந்தீங்களா?"

அப்பா நின்றுவிட்டார்.

"நீ யாரு?" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"நானா? சும்மா சார். உங்களத் தெரியும், அவ்ளோதான்." சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ தெரிந்தவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி. ட்ரெயின் வந்தது. அவன் ஏறவில்லை. அவன் என்றைக்குமே ஏறுவதில்லை, நிற்பதற்காகவே வருகிறவன். அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஜெனரல் பெட்டியில் ஏறினார்.

உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், பாக்கெட்டைத் தடவினார், உள்ளே இருந்த பேனாவையும் பஸ் டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். தன் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். பேட்ஜ் வழக்கம்போலத் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தாம்பரம் வரும் வரை அதை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டே நின்றார். கை வியர்த்திருந்தது.

சப்வேயில் நடக்கும்போது யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார்.

மரத்தடியில் மகேஸ்வரி கூடையோடு. எங்களைப் பார்த்ததும் இலை பொறுக்குவதை நிறுத்தினாள்.

எச்.எம். ரூம் கதவு சரியாக மூடாது. உள்ளே அப்பா. ஆபீஸில் மேனேஜரிடம் பேசுகிற குரல் என்று நினைத்தேன், அது இல்லை. நான் கேட்டதே இல்லாத குரல்.

"அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் மேடம்."

எச்.எம். ஏதோ கேட்கிறார். கேள்வி எனக்குக் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பார் என்று தெரியும்.

"இல்ல. வேற ஒண்ணும் பண்ணல."

நாற்காலி இழுபடுகிற சத்தம்.

"பேரைச் சொன்னான் மேடம்," என்கிறார் அப்பா மறுபடியும்.